பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வது எப்படி: பாவத்தையும் குற்ற உணர்வையும் பிரித்தறியும் வழி

தமிழில் அச்சேறிய முதல் நூல்களின் வரிசையில் பாவசங்கீர்த்தனத்துக்கான, அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கான, வழிகாட்டி ஒன்றும் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார், 1580இல் கொச்சியில் கொம்பெசியொனாயரு என்னும் நூலை வெளியிட்டார். கடற்கரை ஊர்களில் புதிதாகத் திருமறையில் சேர்ந்திருந்த மக்கள் தங்கள் மனத்தைத் தாங்களே சோதித்துப் பார்த்து, செய்ததைச் செய்தபடி குருவிடம் சொல்லத் துணைநின்ற நூல் அது. பின்னர் வந்த ஞானோபதேசம் என்னும் மறைபோதனைப் புத்தகங்களும் செபப் புத்தகங்களும் அதே வேலையைத் தொடர்ந்து செய்துவந்திருக்கின்றன.

அப்படியிருந்தும், குரு அமர்ந்து கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் வரிசையில் நிற்பவர்களில் இரு வகையினர் திண்டாடுகிறார்கள். ஒரு வகையினர், சிறுவயதில் முதல் நற்கருணைக்கு முன் மனப்பாடம் செய்த பட்டியலை நாற்பது வயதிலும் மாற்றாமல் ஒப்பித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். மற்ற வகையினர், தங்களுக்கு நேர்ந்த துன்பங்கள், அவமானங்கள், பிறர் தங்களுக்குச் செய்த கொடுமைகள் அனைத்தையும் தங்கள் பாவமாகச் சுமந்துகொண்டு வந்து, சொல்லி முடித்த பிறகும் அமைதியின்றித் திரும்புகிறார்கள். முன்னவர்களுக்குக் குற்றம் இருக்கும் இடத்தில் உணர்வு இல்லை. பின்னவர்களுக்கு உணர்வு இருக்கும் இடத்தில் குற்றம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் ஆயத்தத்தின் முக்கால் பங்கு என்பது என் கருத்து. ஆகவே இக்கட்டுரை அதற்கே மிகுதியான இடம் தருகிறது.

எதைத் தேடுகிறோம்?

பத்சேபாவை அபகரித்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் தனியே சாகவிட்ட தாவீது, அதன்பின் குழந்தை பிறக்கும் வரையில் எந்தக் கலக்கமும் இன்றி அரியணையில் இருந்ததாகவே சாமுவேல் இரண்டாம் நூல் காட்டுகிறது. இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஏழை ஒருவனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த செல்வனின் கதையைச் சொன்னபோது, தாவீது அந்தச் செல்வன்மீதுதான் கொதித்தெழுந்தார். பிறர் குற்றத்தைக் கண்டு சீறும் அளவுக்கு அவருடைய மனச்சான்று கூர்மையாகவே இருந்தது. தம் பக்கம் திரும்ப மட்டும் அதற்கு ஒருவர் துணை தேவைப்பட்டது. குற்ற உணர்வை ஒரு சாட்சி என்று கொள்வதே சரி. அந்தச் சாட்சி சில வேளைகளில் உறங்கிவிடும். சில வேளைகளில் பொய்யும் சொல்லும். தீர்ப்பு வழங்கும் இடத்தில் அதை உட்கார வைக்கக் கூடாது.

தாவீதின் மன்றாட்டாக வழங்கிவரும் 51ஆம் திருப்பாடல், கடவுளுக்கு எதிராகவே தாம் பாவம் செய்ததாகச் சொல்கிறது. கொல்லப்பட்டவர் உரியா ஆயிற்றே என்று வாசிப்பவருக்குத் தோன்றலாம். கிறிஸ்தவ நம்பிக்கையில் இந்த இரண்டும் ஒரே காயத்தின் இரு பக்கங்கள்: உரியாவின் உயிர் கடவுளுக்கு உரியது, ஆதலால் அந்த உயிரைப் பறித்தவன் அதை அளித்தவருக்கே துரோகம் செய்கிறான். பாவம் என்பது சட்டப் புத்தகத்தின் ஒரு விதியை மீறுவதோடு நின்றுவிடாமல், கடவுளோடும் அடுத்தவரோடும் உள்ள உறவை மனமறிந்து முறிப்பதாக இருப்பதனால்தான், மன்னிப்பைக் கடவுளிடம் கேட்பவன் உரியாவின் வீட்டாரை மறந்துவிட முடிவதில்லை.

எது பாவம் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது தேடும் வேலையைக் குறைக்கும். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார் என யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்பதை எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் விரிவாகவே சொல்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், தலைமுறைச் சாபம் என்று சொல்லி, பாட்டன் பூட்டன் செய்தவற்றுக்கெல்லாம் பேரப்பிள்ளைகளை அழவைக்கும் செபக் கூட்டங்கள் நம் ஊர்களில் நடக்கத்தான் செய்கின்றன. கருச்சிதைவு, தொழில் நட்டம், திருமணத் தடை, மாதவிலக்கையும் சாவு வீட்டையும் ஒட்டிய தீட்டு எண்ணம் ஆகிய எவையும் பாவசங்கீர்த்தனத்துக்கு உரிய பொருள்கள் அல்ல.

பிறப்போடு வரும் சென்மப் பாவத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பு காயமுற்றது என்பதை, அதை மறுத்த பெலாஜியுவுக்கு எதிராகத் திருச்சபைத் தந்தையான அகுஸ்தீனார் வலியுறுத்தினார்; 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தின் பொதுச்சங்கம் அதை வரையறுத்துரைத்தது. ஆனால் 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, அது ஆதாமின் வழிவந்த எவருக்கும் தனிப்பட்ட குற்றமாகாது என்றும், நாம் செய்த செயலாக இல்லாமல் நம்மை வந்தடைந்த நிலையாகவே இருக்கிறது என்றும் சொல்கிறது. ஆர்த்தடாக்ஸ் முதலிய கீழைத் திருச்சபைகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, பாவத்தை நோயாகவும் குருவை மருத்துவராகவும் காண்பதையே விரும்புகின்றன. எப்படிப் பார்த்தாலும், ஆன்ம சோதனையில் நாம் தேடுவது நாமே மனமறிந்து செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும்தான்.

மூன்று கேள்விகள்

ஒரு செயல் நினைவுக்கு வந்ததும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பொருள் கனமானதா? அது தவறு என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்ததா? முழு மனதோடு அதற்குச் சம்மதித்தேனா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது கடவுளோடுள்ள உறவை முறிக்கும் சாவான பாவம். ஒன்றேனும் குறைந்தால் சிறிதான அற்பப் பாவம், அல்லது பாவமே இல்லை. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த அளவுகோலைக் கையில் எடுத்துப் பழகாமல்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆதலால் ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தெருவில் மாதச் சீட்டு நடத்தும் ஒருவர், சீட்டு எடுத்தவருக்குத் தர வேண்டிய பணத்தைத் தம் கடனுக்குத் திருப்பிவிட்டு, மற்றவர்கள் கட்டவில்லை என்று பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருள் கனமானதா என்பதைத் தொகையை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது. பாதிக்கப்பட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வசதியானவருக்குச் சிறு தொந்தரவாக முடியும் அதே தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகவே சீட்டுப் போட்ட வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் பேரிழப்பாகும். அடுத்து, தெரிந்திருந்ததா? பொய் சொல்லத் தோன்றியதே தெரிந்திருந்ததற்குச் சான்று. ‘எல்லாரும் இப்படித்தான் நடத்துகிறார்கள்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தாலும் அது அறியாமை ஆகிவிடாது. தெரிந்துகொள்ள விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது குற்றத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது என்றே மறைக்கல்வி சொல்கிறது. மூன்றாவது கேள்வியில்தான் உள்ளபடியே பொறுமை தேவை. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று மிரட்டிய அச்சத்தில் அன்று மட்டும் அப்படிச் செய்தாரா, அல்லது மாதம்தோறும் கணக்குப் போட்டுச் செய்தாரா? அச்சம், வற்புறுத்தல், அறியாமை, ஊறிப்போன பழக்கம், மனநலக் குறைவு ஆகியவை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவோ முற்றிலும் நீக்கவோ கூடும் என்பது திருச்சபையின் உறுதியான போதனை. செயல் தவறாகவே இருக்கும். செய்தவரின் குற்றம் மட்டும் அளவில் மாறும்.

எண்ணங்களைச் சோதிப்பவர்களுக்கும் இந்த மூன்றாம் கேள்வி பேருதவி செய்யும். கெட்ட எண்ணம் ஒன்று மனத்தில் வந்துவிட்டதே என்று பதறுபவர்கள், வந்ததற்கும் வரவேற்றதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். சோதனை வருவது பாவம் இல்லை. பாலைவனத்தில் இயேசுவே சோதிக்கப்பட்டார். கனவில் நிகழ்பவற்றுக்குச் சம்மதமே கிடையாது. வந்த எண்ணத்தை உட்காரவைத்து, அதை வளர்த்து, அதில் இன்பம் கண்டால்தான் விருப்பம் என்பது நுழைகிறது.

ஆன்ம சோதனை

அரை மணி நேரம் தொந்தரவின்றி இருக்க முடிந்த ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். திருப்பலிக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் கோயிலில் நின்றபடி செய்வது பெரும்பாலும் பழைய பட்டியலைப் புதுப்பிப்பதில்தான் முடியும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் கற்பித்த ஐந்து படிகளே இன்றுவரை பலருக்கும் கைகொடுப்பவை: பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல், பாவங்களை அறிந்துகொள்ள அருள் வேண்டுதல், கடந்த நேரத்தை மணிக்கு மணி திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்துவதற்குத் தீர்மானித்தல். நன்றியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பெற்றவற்றை எண்ணிப் பார்த்த பிறகு தேடுபவன், தான் மனம் நோகச் செய்தவர் யார் என்பதை அறிந்து தேடுகிறான். தண்டனையை மட்டும் நினைத்துத் தேடுபவனோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே தேடுகிறான். இரண்டாம் படியையும் தாண்டிப் போய்விடாதீர்கள். நம் மனத்தை நாமே துருவுவதைவிடக் கடவுளின் வெளிச்சத்தில் பார்ப்பது பாதுகாப்பானது.

திரும்பிப் பார்க்கும் மூன்றாம் படிக்குப் பத்துக் கட்டளைகளைத் துணைக்கொள்வது வழக்கம். அதைவிட எளிய வழி, ஞாயிறுதோறும் திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் மன்றாட்டிலேயே இருக்கிறது: சிந்தனை, சொல், செயல், கடமையில் தவறுதல் என்னும் நான்கு வழிகள். இவற்றில் நான்காவதை நாம் வாயால் சொல்லிவிட்டு மனத்தால் தாண்டிப் போகிறோம். படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்க்கப் போகாமல் தம்பியின் தலையில் பொறுப்பைக் கட்டியது, அலுவலகத்தில் அப்பாவி ஒருவர்மேல் பழி விழுந்தபோது உண்மை தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தது, வேலையாளுக்குக் கூலியைக் காலம் தாழ்த்திக் கொடுத்தது போன்றவை எந்தக் குழந்தைப் பருவப் பட்டியலிலும் இல்லை. கைப்பேசியையும் சோதனைக்குள் கொண்டுவாருங்கள். ஒருவரைப் பற்றிய அவதூறை உண்மை தெரியாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவது, ‘சொல்’ என்னும் வழியில் இக்காலத்தில் நடக்கும் பெருந்தவறு.

பொதுச் சொற்களிலிருந்து குறிப்பான செயலுக்கு இறங்குவது அடுத்த வேலை. ‘கோபப்பட்டேன்’ என்பது யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. ‘மருமகளின் பெற்றோர் வந்திருந்தபோது அவளுடைய சமையலைப் பழித்து அவமானப்படுத்தினேன்’ என்பது ஒருவர் மட்டுமே சொல்லக்கூடியது. அதற்காகத்தான் வருந்தவும் திருந்தவும் முடியும். அதற்கும் கீழே இறங்கி, ஏன் செய்தேன் என்று கேட்கலாம். தம் பதினாறாம் வயதில் தோழர்களோடு பேரிக்காய்களைத் திருடியதைப் பிற்காலத்தில் எழுதிய அகுஸ்தீனார், பசிக்காகத் திருடவில்லை, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கே எறிந்தோம் என்று சொல்லிவிட்டு, தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்ற இடத்தில் வந்து நிற்கிறார். திருடியது சிறிது, கூட்டத்தின்முன் வெட்கப்படாமல் இருப்பதற்காகத் தீமையை விரும்பியது பெரிது. தலையான பாவங்கள் ஏழு என்று ஆங்காரம் முதல் சோம்பல் வரை ஞானோபதேசத்தில் கற்றோமே, அந்தப் பட்டியல் இப்படிப்பட்ட வேர்களைக் காட்டுவதற்காக வந்தது. தனித்தனிப் பாவங்களை எண்ணுவதற்கு அது அவ்வளவாக உதவாது.

ஊரோடு ஒத்துச் செய்ததையும் விட்டுவிடக் கூடாது. சமூகப் பாவம் என்று சொல்லப்படுவது பல தனி மனிதர்களின் பாவங்கள் திரண்டு உறைந்த நிலை என்று 1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விளக்கினார். அவரே 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமை இருக்கவே கூடாது என்று கண்டித்துப் பேசினார். தேர்பவனி எந்தத் தெருவுக்குள் நுழையலாம், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தபோது நானும் கை தூக்கினேனா, வாய்மூடி இருந்தேனா என்ற கேள்வியை வேறு யாரும் நமக்காகக் கேட்கப்போவதில்லை. சொந்தக் கோபத்தை மாதம்தோறும் அறிக்கையிடுபவர்கள் இதை வாழ்நாள் முழுவதும் அறிக்கையிடாமல் இருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

மறதிக்கு அஞ்சினால் சிறு தாளில் குறித்துக்கொள்ளலாம். முடிந்ததும் அதை எரித்துவிடுங்கள். கைப்பேசியில் எழுதிவைக்க வேண்டாம்.

பாவமல்லாத குற்ற உணர்வு

குறித்துக்கொண்டவற்றுக்கு மேலும் மனம் கனக்கிறது என்றால், அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் வெட்கத்தைத் தனியே எடுத்துவையுங்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் பாவத்தோடு சேர்ந்தும் வரும், பாவமே இல்லாத இடத்திலும் வரும். காதல் திருமணம் செய்துகொண்ட மகளால் குடும்ப மானம் போயிற்று என்று தந்தைக்கு ஏற்படும் தவிப்பும், தேர்வில் தோற்ற மாணவனின் கூனிக்குறுகலும் இவ்வகையின. யாரும் பார்க்கவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் இதே உறுத்தல் இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்; மறைந்துபோவது வெட்கம், எஞ்சி நிற்பதை மூன்று கேள்விகளுக்கு முன் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, பிறர் செய்த பாவத்தின் சுமை. சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், கணவனின் அடிக்கு உள்ளானவர்கள், தாங்களே ஏதோ குற்றம் செய்ததுபோல் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதுண்டு. சம்மதமே இல்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பாவம் இல்லை. குற்றம் முழுவதும் செய்தவனுடையது. இதில் இன்னொரு நடைமுறைச் செய்தியும் உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்குள் கேட்டதைக் கொண்டு குரு எந்த நடவடிக்கையும் எடுக்க இயலாது. எனவே உதவி தேவைப்படுபவர் அதைத் தொட்டிக்கு வெளியே, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் காவல்துறையிடமும், குழந்தையென்றால் 1098 என்னும் உதவி எண்ணிலும் சொல்ல வேண்டும்.

சாவு வீட்டுக் குற்ற உணர்வு வேறு வகை. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரே என்று ஆண்டுக்கணக்கில் தம்மைத் தாமே வதைத்துக்கொள்பவர்கள், பின்னர் தெரியவந்ததைக் கொண்டு முன்னர் எடுத்த முடிவை அளக்கிறார்கள். அன்று தெரிந்த அளவில் அன்போடு செய்த முடிவில் பாவம் இல்லை. அந்தத் துக்கத்துக்கு வேண்டியது ஆறுதல். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அது ஆறப்போவதில்லை.

இவை எல்லாவற்றிலும் கடினமானது, எதைக் கண்டாலும் பாவமோ என்று அஞ்சும் மனச்சஞ்சலம். 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்த இஞ்ஞாசியாரே இதனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார். தம் வாழ்நாள் பாவங்கள் அனைத்தையும் எழுதியே அறிக்கையிட்டிருந்தும், ஏதோ விட்டுப்போயிற்று என்று மீண்டும் மீண்டும் சென்றார். மிகத் தெளிவாகத் தெரிபவற்றைத் தவிரப் பழையவற்றைச் சொல்ல வேண்டாம் என்று குரு கூறியதும் பயன்படவில்லை. அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! கடைசியில், கடந்தகாலப் பாவம் எதையும் இனி அறிக்கையிடுவதில்லை என்று அவர் உறுதிகொண்டபோதுதான் விடுதலை கிடைத்தது. அந்தப் பட்டறிவிலிருந்து அவர் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் கூர்மையானவை: சிலுவைபோல் குறுக்கே கிடந்த இரண்டு துரும்புகளை எதிர்பாராமல் மிதித்தவன் தான் பாவம் செய்ததாக முடிவுகட்டினால் அது வெறும் தவறான கணிப்பு, பாவமோ இல்லையோ என்று அதன் பிறகும் மனம் மாறி மாறி அலைக்கழிவதே மெய்யான சஞ்சலம்.

இத்தகையவர்கள் குருக்களை மாற்றிக்கொண்டே போகாமல் ஒரே குருவிடம் செல்ல வேண்டும். அவர் ‘இது போதும்’ என்று சொன்னால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். ஒன்று சாவான பாவமா என்று ஐயமாகவே இருக்கிறது என்றால், இவர்களைப் பொறுத்தவரை அது இல்லை என்றே கொள்ளலாம் என்பது மூத்த குருக்கள் வழக்கமாகத் தரும் அறிவுரை. கைகழுவுவதுபோல் செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, உறக்கம் கெடுகிறது என்னும் நிலை வந்துவிட்டால் மனநல மருத்துவரிடம் செல்வதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

மனஸ்தாபமும் ஈடுசெய்தலும்

செய்த பாவத்துக்காக உள்ளம் வருந்தி, அதை வெறுத்து, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பதே மனஸ்தாபம் என்று 1551இல் திரிதெந்தின் சங்கம் வரையறுத்தது. கண்ணீர் இதில் சேரவில்லை. கடவுளை நேசிப்பதால் வரும் வருத்தம் உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பைக் கண்டோ வரும் வருத்தம் அதைவிடக் குறைந்தது என்றாலும், பாவசங்கீர்த்தனத்துக்கு அதுவும் போதுமானது. மறுபடியும் விழுந்துவிடுவேனோ என்ற அச்சம் இருப்பதனாலேயே தீர்மானம் பொய்யாகிவிடாது. இன்றைய மனம் உண்மையாக விலக விரும்புகிறதா என்பதே கேள்வி.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இங்கே பயன் தரும். யூதாசு தன் பாவத்தை உணர்ந்தான், யூதத் தலைமைக் குருக்களிடம் போய் வாய்விட்டு அறிக்கையிட்டான், முப்பது வெள்ளிக்காசுகளையும் திருப்பி எறிந்தான். அவனிடம் குறைவாக இருந்தது நம்பிக்கை; கேட்டவர்களோ ‘அதைப் பற்றி எங்களுக்கு என்ன’ என்றார்கள். பேதுரு வெளியே போய் அழுதார். பிறகு தோழர்களிடம் திரும்பி வந்தார். கடவுளுக்கு ஏற்ற வருத்தம் மீட்புக்கும் உலகப்போக்கிலான வருத்தம் சாவுக்கும் இட்டுச்செல்லும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்த வேறுபாட்டைத்தான்.

திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாமல் மன்னிப்புக் கேட்பது செல்லாது. நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னார். நம் சீட்டுக்காரர் எடுத்த பணத்தையாவது தவணை முறையில் தரத் தொடங்க வேண்டும். உரியவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கும், அவர்களையும் கண்டறிய முடியாவிட்டால் ஏழைகளுக்கும் கொடுப்பது வழக்கம். பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால், யார் யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய் அது பொய் என்று சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதைவிட இது கடினம், அதனாலேயே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

குருவிடம் சொல்லும்போது

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி எல்லாச் சபையினருக்கும் பொருந்தும். தென்னிந்தியத் திருச்சபையில் வழிபாட்டின் பொதுப் பாவ அறிக்கையோடும் போதகர் கூறும் மன்னிப்போடும் இவற்றை இணைத்துக்கொள்ளலாம். லூத்தரன் சபையாருடைய 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்லத் தேவையில்லை என்று கூறினாலும், தனிப்பட்ட பாவமன்னிப்பைக் கைவிடக் கூடாது என்கிறது. கத்தோலிக்கருக்குச் சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிடும் கடமை உண்டு. அற்பப் பாவங்களைச் சொல்வது பரிந்துரைக்கப்படுகிறது.

முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்ததும், கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலமாயிற்று என்று முதலில் சொல்லுங்கள். திருமணமானவரா, என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னால் அறிவுரை பொருத்தமாக அமையும். சொல்லவே நாக்கூசுவதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடைசிக்கு வைத்தால் அது சொல்லப்படாமலே போகும். உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள். மாமியாரின் குறையை விவரிப்பதில் பாதி நேரம் போய்விடுகிறது என்பது குருக்களின் பொதுவான மனக்குறை. உடன் பாவம் செய்தவரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கேட்டாலும் சொல்ல வேண்டாம். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், ‘சாமி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று கேட்பதே போதும்.

வெளியே சொல்லிவிடுவாரோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்த 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கிக் கடுமையான மடமொன்றில் வாழ்நாள் முழுவதும் தவம் செய்ய அடைக்கவும் ஆணையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத்தில், அந்த மறைபொருளை நேரடியாக வெளியிடும் குரு அக்கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவராகிறார்.

பின்னர்

பாவமன்னிப்பு வாசகத்தைக் கேட்டு எழுந்த பிறகும் மனத்தின் கனம் உடனே இறங்காமல் இருக்கலாம். மன்னிப்பு மெய்யாவது குருவின் வாசகத்தாலும் கடவுளின் இரக்கத்தாலும். நம் உணர்வு அதற்கு நிபந்தனை இல்லை. நம் உள்ளம் நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் கடவுள் நம் உள்ளத்தைவிடப் பெரியவர் என்று யோவானின் முதல் திருமுகம் சொல்வதை அந்த வேளைக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நினைவு திரும்பி வந்தால், அதை மறுபடியும் அறிக்கையிடாமல் நன்றி செபமாக மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

அதே நேரத்தில், மன்னிப்பு விளைவுகளைத் துடைத்தெறிந்துவிடுவதில்லை. மன்னிக்கப்பட்ட தாவீதின் வீட்டில் துயரங்கள் தொடர்ந்தன. சட்டப்படி குற்றம் செய்தவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லி, காயப்பட்டவரை உடனே மன்னிக்கும்படி நெருக்கவும் நமக்கு உரிமை இல்லை. அவர் தம் காலத்தில் வருவார், வராமலும் இருக்கலாம்.

குரு கட்டளையிட்ட அபராதத்தை, அதாவது பரிகாரமாகச் செய்யச் சொன்னதை, கோயிலை விட்டுப் புறப்படும் முன்பே தீர்த்துவிடுவது மேல். இல்லையென்றால் அது வீட்டு வேலைகளுக்கிடையில் மறந்துபோகும். என்ன சொன்னார் என்பதே மறந்துவிட்டால், முடிந்தால் அவரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள். அவர் புறப்பட்டுப் போயிருந்தால், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் மறந்ததைச் சொன்னால் அந்தக் குரு வேறொன்றைத் தருவார்.